தொட்டியைத் தாண்டிப் போனது

மார்ச் 2

அத்தானுக்கு,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் படியுங்கள். பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்க்க வேண்டாம். உங்களைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். "கிருமி கிருமின்னு பேசிக்கிட்டு, சாப்பாட்டுக் கடைக்குள்ள அத அனுப்பி வச்சுடாதடீ" என்று அக்கா போன மாதமே என்னை மிரட்டி வைத்திருக்கிறாள். அதனால்தான் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் மச்சினியோடு கடிதப் போக்குவரத்து என்று யாராவது கதை கட்டினால் நான் பொறுப்பில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. பொட்டலத்தில் இருப்பது கிருமி இல்லை, கிருமி செய்த சரக்கு. எண்ணெய் ஊறின மண்ணில் ஒரு வகை பாக்டீரியா இருக்கிறது. அதற்கு வாயும் கிடையாது, பல்லும் கிடையாது. கொழுப்பைத் தின்ன வேண்டுமென்றால், தன் உடம்பிலிருந்து ஒரு நொதியை வெளியே விட்டு, கொழுப்பை வெளியிலேயே துண்டு துண்டாக வெட்டி, பிறகு உறிஞ்சிக்கொள்ளும். அந்த நொதிக்கு லைப்பேஸ் என்று பேர். எங்கள் தொழிற்சாலையில் பாக்டீரியாவைப் பெரிய கலன்களில் வளர்த்து, கடைசியில் அதை வடிகட்டி எறிந்துவிட்டு, நொதியை மட்டும் தூளாக்குகிறோம். உங்கள் சட்டைக் காலரின் எண்ணெய்ப் பிசுக்கு போகிறதே, அது சோப்புத்தூளில் கலந்திருக்கிற லைப்பேஸின் கைவரிசை. தோல் பதனிடுகிறவர்கள் தோலிலிருந்து கொழுப்பை எடுக்க இதை வாங்குகிறார்கள். ரொட்டி சுடுகிறவர்கள்கூட மாவில் ஒரு சிட்டிகை போடுகிறார்கள், ரொட்டி இரண்டு நாள் மெத்தென்று இருக்கும்.

இப்போது முதல் முறையாக, சமையலறைச் சாக்கடைக்கு ஒரு தூள் செய்திருக்கிறோம். நான்தான் செய்தேன். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்கிறது. நிஜமான கடையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் மேலாளர். பாத்திரம் கழுவின தண்ணீர் சாக்கடைக்குப் போகும் முன் எண்ணெயைப் பிடித்து வைக்கிற உங்கள் கடையின் கிரீஸ் தொட்டியைவிட அருமையான தொட்டி எனக்கு எங்கே கிடைக்கும்?

தினமும் கடை மூடும் முன் இரண்டு கரண்டித் தூள், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. தொட்டிக்குள் ப்ளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு எதுவும் போடக் கூடாது, நொதி செத்துவிடும். வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்புங்கள்.

உங்கள் மச்சினி

*

மார்ச் 25

கண்ணாடிக்கு,

மூக்கில் நிற்காத அந்தக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு படி.

மோந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஏழு தும்மலோடு போயிற்று.

உன் தூள் கெட்டிக்காரத் தூள், அம்மா. இத்தனை வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு, மஞ்சள் கொழுப்பு ஏட்டைக் கரண்டியால் வழித்து வாளியில் போடுவேன். மூன்று நாளைக்கு என் கை எனக்கே ஆகாது. இப்போது மூன்று சனிக்கிழமையாக வழிக்க ஒன்றுமே இல்லை. பாத்திரம் கழுவுகிற அம்மா மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, தொட்டிக்குள்ள என் மூஞ்சி தெரியுது!" என்று கத்தினாள்.

பக்கத்துத் தையல்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உனக்கு அவரைத் தெரியாது. அவர் அறை தெருவைவிட நாலு படி கீழே, நம் கடைச் சுவரை ஒட்டி இருக்கிறது. நம் சாக்கடைக் குழாய் அவர் தரைக்கு அடியில்தான் ஓடித் தெருக் குழாயில் சேர்கிறது. பள்ளிச் சீருடை தைக்கிறார். நம் சமையல்கட்டு ஏப்ரன்களும் அவர் தைத்ததுதான். தினமும் நாலு மணிக்கு டீக்கு வருவார். நாளெல்லாம் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே இருந்து பழகியதால் நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு 'ம்' போடுவார். தொட்டியைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். அது அவருக்குப் பெரிய சொற்பொழிவு.

ஒரே ஒரு குறை. நாற்றம். முன்பு நாறியது வேறு, இது வேறு. குழந்தை கக்கின பால் மாதிரி ஒரு புளித்த வீச்சம். நேற்று இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்கள். ஏதாவது வழி சொல்.

பாட்டில்கள் மூன்றும் இதோடு வருகின்றன.

அத்தான்

*

ஏப்ரல் 9

அத்தானுக்கு,

நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள். உங்கள் தொட்டி பிரபலமாகிவிட்டது! பாட்டில்களில் எண்ணெய், வழக்கமாக இருக்கிறதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டிவிட்டார். நீங்கள் போனில் அனுப்பிய தொட்டிப் படமும் அதில் இருக்கிறது, ஓரத்தில் உங்கள் கட்டை விரலோடு. வருகிற போகிற விருந்தாளிகள் எல்லாம் உங்கள் சாக்கடையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னலோடு.

நாற்றத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெண்ணெயும் பாலும் நிறையப் புழங்குகிறீர்கள், அந்தக் கொழுப்பு உடையும்போது அப்படித்தான் வீசும். வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் கழிவுநீர்ப் பிரிவில் ஒரு பொறியாளர் இருக்கிறார். எல்லோரும் கை தட்டும்போது அவர் மட்டும் கை தூக்கினார். "கொழுப்பு தொட்டில இல்ல, சரி. அது எங்க போச்சு?" என்றார். "இறக்கை முளைச்சுப் பறந்துடுச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், பாவம், அவரும் சிரித்தார்.

உங்கள் மச்சினி

*

மே 11

கண்ணாடிக்கு,

இது வேடிக்கைக் கடிதம் இல்லை.

வியாழக்கிழமை காலை தையல்காரர் கடையைத் திறந்தபோது முழங்கால் வரைக்கும் சாக்கடைத் தண்ணீர். தரையில் இருக்கிற வடிகால் ஓட்டை வழியாக மேலே வந்திருக்கிறது. பள்ளி திறக்கப் போகிறது என்று வெட்டி அடுக்கி வைத்திருந்த சீருடைத் துணி அத்தனையும் அதில் ஊறிக் கிடந்தது. இரண்டு மிஷினின் மோட்டாரும் போயிற்று. மனுஷன் படியில் உட்கார்ந்து துணியை ஒவ்வொன்றாகப் பிழிந்து பிழிந்து படிமேல் வைத்துக்கொண்டிருந்தார். பிழிந்து என்ன பிரயோஜனம் என்று அவருக்கும் தெரியும். கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நகராட்சி ஆட்கள் வந்து தெருவை உடைத்தார்கள். குழாய்க்குள் வெள்ளையாக ஒரு கட்டி, முக்கால்வாசிக் குழாயை அடைத்துக்கொண்டு. மெழுகும் கல்லும் சேர்ந்த மாதிரி. கடப்பாறையால் குத்தினால் பாளம் பாளமாக வருகிறது. அதில் நூலும் துணிக் கிழிசலும் சிக்கிக் கிடந்தன. மேற்பார்வையாளர் அதிலிருந்து ஒரு நீலத் துண்டைப் பிடுங்கித் தூக்கிக் காட்டி, "இந்தா, துணி! யாருய்யா இங்க டெய்லரு?" என்றார். அத்தோடு தீர்ப்பு முடிந்தது.

தையல்காரர் உதட்டிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "நான் துண்டுத்துணிய சாக்குல கட்டித்தாங்க போடறேன்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். கட்டட உரிமையாளர் மே 31க்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷமாக அந்த அறைதான் அவருக்குப் பிழைப்பு.

அந்த வெள்ளைக் கட்டியில் ஒரு துண்டை எடுத்து இதோடு அனுப்புகிறேன். இதற்கும் நம் தூளுக்கும் சம்பந்தம் இல்லைதானே? இல்லை என்று ஒரு வரி எழுது, போதும்.

அத்தான்

*

மே 15

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. தையல்காரருக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன்.

குழாய் அடைப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம். துணிக் கழிவு மட்டுமே போதுமானது. பழைய குழாயாகவும் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய துண்டு வழியில் உடைந்து தூளாகிவிட்டதால் முறையாகச் சோதிக்க முடியவில்லை. எதையும் உறுதியாகச் சொல்ல இயலாத நிலை.

தூளைப் பற்றி இப்போதைக்கு வெளியில் பேச வேண்டாம். அது இன்னும் சோதனையில் இருக்கிற பொருள்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மச்சினி

*

மே 20

கண்ணாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வழக்கமாக "அத்தானுக்கு" என்று தொடங்குவாய், இந்தத் தடவை "அன்புள்ள" சேர்த்திருக்கிறாய். "இயலாத நிலை" என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதினதா, உங்கள் ஆபீஸ் எழுதினதா? நான் கேட்டது ஆமாவா இல்லையா. பதில் 'இல்லை' என்றால் நீ இரண்டு வரியில் என்னைக் கேலி செய்து முடித்திருப்பாய்.

சரி, உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்ததைக் கேள்.

போன திங்கட்கிழமை கட்டட உரிமையாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். தையல்காரர் துண்டுத்துணியை வடிகாலில் தள்ளுவதை நேரில் பார்த்தேன் என்று அதில் எழுதியிருந்தது. "நீங்க பாத்திருப்பீங்கல்ல?" என்றார். நான் மேசையைத் துடைத்தேன். "இல்லன்னா சொல்லுங்க, நகராட்சிக்காரங்கள உங்க தொட்டியையும் ஒரு தடவ பாத்துட்டுப் போகச் சொல்றேன்" என்றார். கையெழுத்துப் போட்டேன். பேனாகூட என் பேனாதான்.

அன்று சாயங்காலம் தையல்காரர் வந்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. சொல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு நாலு மணிக்கு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீ என்னைத் திட்டத்தான் போகிறாய். நாற்றம் தாங்கவில்லை என்று எழுதினேன், பொறுத்துக்கொள்ளச் சொன்னாய். கடை உன்னுடையதாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாயா? சுண்ணாம்புத் தூள் வாங்கி ஏப்ரல் பாதியிலிருந்து தினமும் ஒரு டப்பா போட்டேன். தொட்டிக்குள் போடாதே என்றுதானே சொன்னாய்? தொட்டிக்குள் போடவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியே போகிற வாயில் போட்டேன். நாற்றம் உடனே அடங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

உங்க அக்கா, "என்ன ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்கிறாள். பல்வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று கிராம்பு அரைத்து வைத்துவிட்டாள்.

அத்தான்

*

மே 24

அத்தானுக்கு,

ஆமாம். தூள்தான் காரணம். என் தூள்தான்.

நீங்கள் அனுப்பிய துண்டு முழுசாகத்தான் வந்தது. உடைந்துவிட்டது என்று எழுதியது பொய். வந்த அன்றே ஒரு மூலையை இடித்து, அமிலம் விட்டுச் சூடாக்கினேன். ஐந்து நிமிஷத்தில் மேலே எண்ணெய் மிதந்தது. கீழே தங்கிய தண்ணீரில் சுண்ணாம்பு. கொழுப்பின் துண்டுகளும் சுண்ணாம்பும் கூடிச் செய்த சோப்பு அது. துவைக்கிற சோப்பு தண்ணீரில் கரையும், இந்தச் சோப்பு கரையாது, நாளாக நாளாகக் கல்லாகும். துணியும் நூலும் அதில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தத் தெருவில் எந்த வீட்டுத் துவைத்த தண்ணீரிலிருந்தும் வந்திருக்கலாம்.

நொதி கொழுப்பை வெட்டும். அதற்கு மேல் அதற்கு வேலை தெரியாது. வெட்டின துண்டைத் தின்று தீர்க்க உயிருள்ள பாக்டீரியா வேண்டும், காற்று வேண்டும், நாள் கணக்கில் நேரம் வேண்டும். பெரிய கழிவுநீர் நிலையத்தில் அதெல்லாம் இருக்கும், அங்கே இந்தத் தூள் நல்ல தூள்தான். உங்கள் தொட்டியில் தண்ணீர் ஒரு ராத்திரிக்கு மேல் நிற்பதில்லை. தின்கிறதை நாங்கள் வடிகட்டி எறிந்துவிட்டு, வெட்டுகிறதை மட்டும் உங்களுக்கு அனுப்பி வைத்தோம். கொழுப்பு எங்கேயும் போகவில்லை, அத்தான். கட்டியாகத் தொட்டியில் நின்றது, துண்டாகிக் குழாய்க்குள் போயிற்று.

இதைவிட மோசமானதைச் சொல்கிறேன். இது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். அந்தப் பொறியாளரை எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன் இல்லையா, அன்று சாயங்காலம் எனக்கே உறுத்தியது. உங்கள் மூன்றாவது பாட்டிலை எடுத்து, வெட்டுப்பட்ட கொழுப்பு அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், தண்ணீர் இளஞ்சிவப்பானதும் நிறுத்த வேண்டும். சாதாரணமாக ஐந்தாறு சொட்டில் சிவந்துவிடும். உங்கள் தண்ணீர் நாற்பத்தொரு சொட்டு குடித்தது. நான் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நோட்டில் எழுதவில்லை. மறுநாள் ஜன்னல் வைத்த அறைக்கு மேசையை மாற்றினார்கள். அதற்கடுத்த நாள்தான் உங்களுக்கு அந்தக் குதூகலக் கடிதம் எழுதினேன்.

இன்னும் இருக்கிறது. உங்கள் சுண்ணாம்பைப் பற்றிப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அப்பாடா, அத்தான்தான் கெடுத்தார் என்று. ஒரு மத்தியானம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மேலாளருக்கு அப்படியே அரைப் பக்கம் எழுதினேன், 'பயனாளர் அறிவுறுத்தலை மீறியதால்' என்று. நீங்கள்தான் அந்தப் 'பயனாளர்'. எழுதினதைப் படித்துப் பார்த்ததும் கிழித்துப் போட்டேன். சுண்ணாம்பு போடாதீர்கள் என்று சொன்னேனே தவிர, என் தூள் செத்துவிடும் என்றுதான் காரணம் சொன்னேன். குழாய் என்ன ஆகும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நீங்கள் போடாமல் இருந்திருந்தாலும் கான்கிரீட் குழாயிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஆறு மாதம் தள்ளி நடந்திருக்கும், அவ்வளவுதான்.

நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள். என்னை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பொறியாளரிடமும் போய், "எங்க போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

இதோடு நகராட்சிக்கு ஓர் அறிக்கை இருக்கிறது. கட்டியைச் சோதித்த முடிவு, என் கையெழுத்து, விடுபட்டுப் போன அந்த நாற்பத்தொரு சொட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் சுண்ணாம்பைப் பற்றி எழுதவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போட்ட கையெழுத்தை நான் அழிக்க முடியாது, அதையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். 31ஆம் தேதிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கும் தனியாக எழுதிவிட்டேன். பல்வலிக்கு இனி கிராம்பு கிடைக்காது.

மச்சினி

*

ஜூன் 12

கண்ணாடிக்கு,

உன் உறை 27ஆம் தேதியே வந்துவிட்டது. மாவு டின்னுக்கு அடியில் மூன்று நாள் வைத்திருந்தேன். இதை உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் நீ நாற்பத்தொரு சொட்டைச் சொன்ன பிறகு நான் மூன்று நாளை மறைத்தால் நன்றாக இருக்காது.

30ஆம் தேதி காலை உங்க அக்கா கடைக்கு வந்தாள். கையில் நீ அவளுக்கு எழுதின கடிதம். கத்துவாள் என்று காத்திருந்தேன். "கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

நகராட்சி அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்த குமாஸ்தா, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதிக்கணும்" என்றார். நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். உங்க அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் காலி செய்ய வேண்டாம் என்று கட்டட உரிமையாளருக்கு ஓலை போய்விட்டது. குழாய் முழுவதையும் சுரண்டி முடிக்கிற வரைக்கும் நம் கடையில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. டீ மட்டும் போடலாம். தொட்டியைப் பழையபடி நான்தான் வழிக்கிறேன், கரண்டியால். உங்கள் பொறியாளர் எழுதி அனுப்பினபடி வழித்ததை வாளியில் கட்டித் தனியாகக் கொடுத்துவிடுகிறோம்.

அலுவலகத்திலிருந்து நேராகத் தையல்காரர் அறைக்குப் போனேன். நாலு படி இறங்க எனக்கு அவ்வளவு நேரமானது. எல்லாவற்றையும் சொன்னேன், தூள், சுண்ணாம்பு, கையெழுத்து. ஊசியை உதட்டிலிருந்து எடுத்துப் பஞ்சில் ஒவ்வொன்றாகக் குத்தினார்.

"தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"நீங்க தினமும் கொல்லைல வெள்ளையா எதையோ கொட்டறது என் ஜன்னல்லேர்ந்து தெரியும். கட்டிய வெளிய எடுத்தப்பவே நெனச்சேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொல்லலாம்னுதான் ஒரு நாள் சாயங்காலம் வந்தேன். அன்னிக்கு நீங்க டீய எடுத்துட்டு வந்து ரெண்டு கையாலயும் குடுத்தீங்க. இத்தன வருஷமா தூரத்துலேர்ந்து மேசைல தள்ளிவிட்டுட்டுப் போவீங்க, 'ஊமைச்சாமி, டீ!'னு கத்துவீங்க. அன்னிக்கு ரெண்டு கையால குடுத்தீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு, ஓனரு உங்க கடைக்கு எடுத்துட்டு வந்த காகிதத்துல எம்மேல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மோட்டார் போன மிஷினைக் காலால் மிதித்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

நேற்று நாலு மணிக்கு வந்தார், அவர் வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தார். நான் டீயோடு பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கையால் கொடுப்பதா, இரண்டு கையாலா என்று தெரியவில்லை. மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அத்தான்